மொரீஷியஸ் கடற்கரையில் ஒரு தனி வீடு: எந்தக் கரை, எந்த மாதம், எதைக் கேட்டு வாங்குவது

கேள்வி இதுதான்: கோவையிலிருந்து கணவன், மனைவி, எழுபதைக் கடந்த பெற்றோர், மூன்று வயதுக் குழந்தை என ஐந்து பேர் ஆகஸ்ட் மாதத்தில் பத்து நாள் மொரீஷியஸில் தங்க நினைக்கிறார்கள். ஹோட்டல் ஆரவாரம் வேண்டாம். சமையலறையுடன் கூடிய, கடலைப் பார்த்த, அமைதியான வில்லா ஒன்று போதும். கிழக்குக் கரையில் பெல் மார் அருகே ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். படங்கள் அழகாக இருக்கின்றன, வாடகையும் கட்டுப்படியாகிறது. பதிவு செய்யலாமா என்று கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் மாதத்திற்கு, வயதானவர்களையும் சிறு குழந்தையையும் அழைத்துக்கொண்டு, அந்த வீட்டை எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். வீட்டில் குறை ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. வாடகை கட்டுப்படியாவதற்குக் காரணமே அந்தக் கரையில் அந்த மாதத்தில் வீசும் காற்றாக இருக்கலாம். மொரீஷியஸில் கடலோர வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் அறைகளின் எண்ணிக்கை, நீச்சல் குளம், மொட்டைமாடியிலிருந்து தெரியும் காட்சி ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். தங்கிய நாள்கள் அமைதியாகக் கழிந்தனவா என்பதை முடிவு செய்வதோ, வீடு எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, அதன் முன்னே உள்ள பவளத்திட்டு எப்படி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரைக்கு யார் வருகிறார்கள் என்ற மூன்று விஷயங்கள்.

முதலில் காற்று. மொரீஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 டிகிரியில் இருப்பதால், தென்கிழக்கு வியாபாரக் காற்றின் நேர்வழியில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் காற்று அந்தத் திசையிலிருந்தே வருகிறது என்றாலும், அங்கு குளிர்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை அது வலுத்து, சில வாரங்களில் இரவும் பகலும் ஓயாமல் அடிக்கும். தீவின் நடுவே ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதன்மேல் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, வேகம் தணிந்து மேற்குக் கரையில் இறங்குகிறது. மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு 4000 மி.மீ. வரை மழை பெய்யும்போது, அங்கிருந்து ஒரு மணி நேரத்திற்குள் காரில் போய்விடக்கூடிய மேற்குக் கரையில் 1000 மி.மீ.கூடப் பெய்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் வளர்ந்த கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே திசை மட்டும் தலைகீழாக இருக்கிறது.

ஆகவே ஆகஸ்டில் பெல் மார், போஸ்ட் லஃபயெட் போன்ற கிழக்குக் கரைகளில், காலையில் சூரியன் கடலிலிருந்து எழும் காட்சி எவ்வளவு அருமையாக இருந்தாலும், அதை வெளியில் உட்கார்ந்து பார்க்கப் பெற்றோருக்குச் சால்வை வேண்டியிருக்கும். திண்ணையில் சாப்பாட்டு மேசை போட்டிருப்பார்கள். அதில் இலையோ காகிதமோ நிற்காது. கதவு ஜன்னல்கள் இரவில் முனகிக்கொண்டே இருக்கும். தீவு முழுவதற்குமான கணக்கில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் இரவுக் குறைந்த வெப்பநிலை சராசரியாக 16.4 டிகிரி. கடலோரம் அதைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருந்தாலும், காற்று சேரும்போது உடலுக்குக் குளிர் கூடுதலாகவே தெரியும். கடல் நீரும் அப்போது 22, 23 டிகிரி அளவில்தான் இருக்கும். இளைஞர்கள் நீந்துவார்கள், குழந்தை பத்து நிமிடத்தில் உதடு நடுங்க வெளியே வந்துவிடும். வில்லாவின் நீச்சல் குளத்தைப் பற்றி விளம்பரம் பெரிதாகப் பேசினால், நீரைச் சூடாக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இருக்காது, ஆகஸ்டில் அந்தக் குளம் கண்ணுக்கு மட்டுமே பயன்படும்.

தேதியை நகர்த்த முடியுமானால், அக்டோபர் இரண்டாம் பாதியும் நவம்பரும் மிக நல்ல காலம். அக்டோபர்தான் ஆண்டிலேயே மழை குறைந்த மாதம். காற்று தணியத் தொடங்கியிருக்கும், கடல் மெல்லச் சூடேறும். அப்போது நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அதே பெல் மார் வீட்டை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஏனென்றால் தீவின் மிக நீண்ட வெண்மணற் கரைகளில் அதுவும் ஒன்று. ஏப்ரல் இறுதியும் மே மாதமும் இதே அளவுக்கு நன்று. கடல் அப்போதும் கோடையின் வெப்பத்தை இழந்திருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரை புயலும் பெருமழையும் வரக்கூடிய காலம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களில் கார்கள் மிதந்த காட்சியைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். புயல் எச்சரிக்கை வகுப்பு வகுப்பாக உயரும் முறையை அங்குள்ளவர்கள் நன்கு அறிவார்கள். எச்சரிக்கை மிகும்போது கடைகளும் பேருந்துகளும் நின்றுவிடும், நீங்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க வேண்டியதுதான். வயதானவர்களோடு அந்த மாதங்களை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆகஸ்டை மாற்ற முடியாதென்றால் வடமேற்குக் கரைக்கோ மேற்குக் கரைக்கோ போங்கள். அங்கே வீடு பார்ப்பதற்கு முன் பவளத்திட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது பயன்படும். தீவைச் சுற்றி ஏறக்குறைய முழு வளையமாகப் பவளத்திட்டு இருக்கிறது. அதற்கும் கரைக்கும் நடுவே உள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பை அங்கே லகூன் என்கிறார்கள். பெருங்கடலின் அலைகள் எல்லாம் வெளியே திட்டில் மோதி உடைந்துவிடுவதால், உள்ளே நீர் குளம்போல் அடங்கியிருக்கும். ஓதத்தின் ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவே என்பதால், காலையில் இருந்த கடல் மாலையில் காணாமல் போகும் சிக்கலும் இல்லை. ஆனால் ஆறுகள் கடலில் சேரும் இடங்களில் நன்னீரும் வண்டலும் பவளத்தை வளரவிடுவதில்லை. அங்கெல்லாம் திட்டில் இடைவெளி விழுந்திருக்கும். திட்டைத் தாண்டி உள்ளே வந்த நீரெல்லாம் அந்த இடைவெளிகளின் வழியாகத்தான் வெளியேறுகிறது என்பதால் அங்கே இழுவை பலமாக இருக்கும். மேற்கே தமரின் விரிகுடா அப்படிப்பட்ட இடம். அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கு உகந்தது, பாட்டியும் பேரனும் கால் நனைக்க உகந்ததல்ல. தெற்கே சூயாக், க்ரி க்ரி பகுதியில் திட்டே இல்லை. அலை நேராக வந்து கரும்பாறையில் அறைகிறது. அதைப் பார்த்துவிட்டு வரலாம், இறங்கக் கூடாது.

லகூன் அமைதியாக இருப்பதால் அதன் தரையும் மெத்தென்றிருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பல இடங்களில் முறிந்த பவளத் துண்டுகளும் கடல் முள்ளெலிகளும் கிடக்கும். அரிதாக, கல்லோடு கல்லாகப் படுத்திருக்கும் கல்மீனும் உண்டு. அதன் முதுகு முள்ளில் கடும் விஷம் இருக்கிறது. மிதிபட்டால் காலைத் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்தபடி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐந்து பேருக்கும் தடித்த அடியுள்ள ரப்பர் காலணிகளை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். பவளத்தின் மேல் நடக்காமல் மணல் தெரியும் இடத்தில் மட்டும் இறங்குவது உங்களுக்கும் பவளத்துக்கும் நல்லது. லகூன்களிலிருந்து கட்டுமானத்துக்காக மணல் அள்ளுவதை 2001-இல்தான் முற்றாகத் தடை செய்தார்கள். அதுவரை பல பத்தாண்டுகள் அள்ளியதன் சுவடு சில இடங்களில் இன்னும் இருக்கிறது.

இனி இடங்கள். வடமேற்கில் த்ரூ ஓ பிஷ், மோன் ஷுவாசி இரண்டும் அடுத்தடுத்த கரைகள். த்ரூ ஓ பிஷில் மணல் மெதுவாகச் சரிந்து நீருக்குள் போகிறது, நீர் தெளிவாக இருக்கிறது, ஆகஸ்டிலும் காற்று மட்டுப்பட்டே இருக்கும். உங்கள் குடும்பத்துக்கு என் முதல் தேர்வு இதுதான். அங்கிருந்து சில கிலோமீட்டரில் உள்ள க்ரான்ட் பேயில் உணவகம், கடை, மருந்தகம் எல்லாம் உண்டு. ஆனால் இரவு நேர இசைக்கூடங்களும் பகல் நேர விசைப்படகுகளும் அங்கேதான். அமைதி தேடுபவர்கள் அதற்கு அருகில் இருக்கலாம், அதற்குள் இருக்கக் கூடாது. மேற்கில் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் நீண்ட கரை. ஊருக்கு நடுவே அடுக்குமாடிகள் நெருங்கிவிட்டன, தெற்கு நோக்கிப் போகப் போக ஆரவாரம் குறையும். இன்னும் தெற்கே லா ப்ரெனேஸ், தமரின் பக்கம் தனி வீடுகள் அதிகம். வெயில் அதிகம், மழை குறைவு, மாலையில் சூரியன் கடலுக்குள் இறங்குவதை வாசலிலிருந்தே பார்க்கலாம். தென்மேற்கு முனையில் 556 மீட்டர் உயர லெ மோர்ன் மலை இருக்கிறது. தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் என்பதால் 2008-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன் அடிவாரக் கரை மனத்தை அள்ளும் அழகு. ஆனால் காற்றாடி கட்டிக்கொண்டு அலைமேல் பறப்பவர்கள் உலகெங்கிலுமிருந்து அங்கே கூடுவது எதற்காக என்று யோசித்தால், ஆகஸ்டில் அங்கே வீடு எடுக்கத் தோன்றாது.

தென்கிழக்கில் ப்ளூ பே, புவான்த் தேனி இரண்டையும் விட்டுவிட மனமில்லை. ப்ளூ பே கடல் பூங்கா 2008 முதல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமானதென்று பட்டியலிடப்பட்ட ஈரநிலமாக இருக்கிறது. ஆழமில்லாத நீரிலேயே பவளமும் மீனும் பார்க்கலாம், கண்ணாடி அடித்தளம் கொண்ட படகில் பெற்றோரும் நனையாமல் பார்க்கலாம். 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ என்ற கப்பல் புவான்த் தேனிக்கு வெளியே திட்டில் ஏறி, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெயைக் கக்கியது. அப்போது ஊர் மக்கள் கரும்புத் தோகையைத் துணிக்குழல்களில் திணித்து மிதவை வேலி கட்டி எண்ணெயைத் தடுக்க முனைந்தார்கள். இன்றைக்கு அங்கே தங்குபவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை. காற்றுப்பக்கக் கரை என்பதால் ஆகஸ்டில் தங்குவதற்கு அதை நான் சொல்லவில்லை. விமான நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதால், ஒரு பகல் பயணமாகவோ ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் இரவுக்கோ அதை வைத்துக்கொள்ளலாம்.

விளம்பரத்தில் ‘தனிக் கடற்கரை’ என்று போட்டிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். மொரீஷியஸில் கடல் ஏறும்போது நீர் தொடும் கோடு வரை உள்ள கரை பொதுமக்களுடையது. அந்தக் கோட்டிலிருந்து உள்நோக்கி சுமார் 81 மீட்டர் அகலமுள்ள பட்டை, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அரசு நிலமாக ஒதுக்கப்பட்டது. கடலோர வீடுகளில் பல அந்தப் பட்டையில் குத்தகைக்கு வாங்கிய மனைகளில் நிற்பவை. ஆகவே வீட்டு வாசலின் முன்னே மணலில் யார் நடந்தாலும், தூண்டில் போட்டாலும், பாய் விரித்து உட்கார்ந்தாலும் யாரும் தடுக்க முடியாது. அது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ‘தனி’ என்பதற்கு அங்கே உள்ள பொருள், பக்கத்தில் பேருந்து வந்து நிற்கும் பொதுக் கடற்கரை இல்லை என்பதுதான். அறிவிக்கப்பட்ட பொதுக் கடற்கரைகளில் வார நாள்களில் சவுக்கு மரங்களும் தெருநாய்களும் தவிர அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குடும்பம் குடும்பமாக, பிரியாணிப் பாத்திரங்களோடும் செகா என்னும் தீவின் நாட்டுப்புற இசைக்கான மேளங்களோடும் வந்து, பொழுது சாயும் வரை பாடி ஆடுவார்கள். அதை இரைச்சலாக எண்ணினால் அரை கிலோமீட்டராவது தள்ளி வீடு எடுங்கள். என்னைக் கேட்டால், ஒரு ஞாயிறாவது குழந்தையை அழைத்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள் என்பேன். இரைச்சலுக்கு இன்னொரு காரணம் பக்கத்து மனையில் நடக்கும் கட்டுமானம். கடலோரத்தில் அது ஓயாமல் நடக்கிறது. எந்த வீட்டுக்காரரும் தானாகச் சொல்ல மாட்டார், எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வீட்டைப் பற்றியும் சில கேள்விகள் உண்டு. கடலோர விடுமுறை வீட்டை அங்கே காம்ப்மான் என்பார்கள். முன்பு மரச்சட்டமும் கரும்புத் தோகைக் கூரையுமாக இருந்தவை. 1960-இல் கரோல் புயல் தீவையே புரட்டிப் போட்ட பிறகு, நாடு முழுவதும் கான்கிரீட் வீடுகளுக்கு மாறியது. ஓலை வேய்ந்த கூரை இப்போது பெரும்பாலும் அழகுக்காக வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்குச் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். அடுத்தது தண்ணீர்: மழைக்காலத்துக்கு முந்தைய மாதங்களில் குழாய் நீரை நேரக்கட்டுப்பாட்டில் விடுவது வழக்கம் என்பதால், மொட்டைமாடித் தொட்டி எத்தனை லிட்டர் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோருக்குத் தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் இருக்க வேண்டும். பல வில்லாக்களில் படுக்கையறை எல்லாம் மாடியில், கைப்பிடி இல்லாத படிக்கட்டின் மேலே இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு நீச்சல் குளத்தைச் சுற்றிப் பூட்டக்கூடிய வேலி கட்டாயம் வேண்டும். கடலைவிடக் குளம்தான் அந்த வயதுக்கு ஆபத்து, ஏனென்றால் கடலுக்கு யாராவது கூடப் போவார்கள். டெங்கும் சிக்குன்குன்யாவும் அவ்வப்போது தலைகாட்டும் தீவு என்பதால் ஜன்னல்களில் கொசுவலை இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் பாயிண்டுகள் தட்டையான மூன்று கால் கொண்ட பிரிட்டிஷ் வகையாகவோ, இரண்டு உருளைக் கால் கொண்ட ஐரோப்பிய வகையாகவோ இருக்கும். நம் மூன்று உருளைக் கால் பிளக் எதிலும் நுழையாது, அடாப்டர் கொண்டு போக வேண்டும்.

சமையலறை இருக்கிறது என்பதால் சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மொரீஷியஸ் மற்ற வெப்பமண்டலத் தீவுகளைவிடத் தமிழ்க் குடும்பத்துக்கு மிக எளிது. 1730-களிலேயே பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களாகத் தமிழர்கள் அங்கே போயிருக்கிறார்கள். 1834-க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் சேர்ந்தார்கள். சந்தைகளில் வெண்டை, கத்தரி, பாகல், முருங்கைக்கீரை, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். கிழக்கில் உள்ள ஃப்ளாக் ஊரின் (மேற்கின் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் வேறு) பெரிய சந்தை புதனும் ஞாயிறும், மயேபூர் சந்தை திங்களும் கூடும். சந்தையில் ரொக்கம்தான் எளிது. கையில் வாங்கும் ரூபாய் நோட்டில் மதிப்பு தமிழ் எழுத்திலும் அச்சிடப்பட்டிருப்பதைப் பெற்றோர் பார்த்தால் மகிழ்வார்கள். பருப்பை அரைத்து உள்ளே வைத்துச் சுட்ட தால் பூரி தெருவோரத்தில் கிடைக்கும், காலைப் பலகாரத்துக்குப் போதும். பிரஷர் குக்கர் வாடகை வீடுகளில் அபூர்வம். சிறியதாக ஒன்றை எடுத்துப் போவது நல்லது. மேற்குக் கரையில் தங்கினால், காத்ர் போர்ன் பக்கம் கோர் த கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்கு ஒரு காலை போய் வரலாம். படிகள் உண்டு என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமைதியான கரையில் வீடு என்றால் கார் இல்லாமல் முடியாது. வண்டி நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான் ஓடுகிறது. ஆகஸ்டில் மாலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், கரும்புக்காட்டு நடுவே போகும் சாலைகளில் விளக்கு இருக்காது. பெற்றோரோடு போகும் வெளியூர்ப் பயணங்களைப் பகலோடு முடித்துக்கொள்ளுங்கள். சிற்றூர்க் கடைகள் ஞாயிறு நண்பகலுக்குப் பிறகு பெரும்பாலும் மூடிவிடும் என்பதால் பாலும் குடிநீரும் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டுள்ள சுற்றுலாப் பயணிகளுக்கு முன்கூட்டியே விசா எடுக்கும் வேலை இல்லை. தங்கும் இடத்தின் முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் ஆளுக்கு இரவு ஒன்றுக்கு 3 யூரோ கட்டணம் வாங்குகிறார்கள், சிறு குழந்தைக்கு இல்லை. நான்கு பெரியவர்களுக்குப் பத்து இரவுக்கு 120 யூரோ ஆகும். வாடகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இதைவிட முக்கியமானது பெற்றோரின் மாத்திரைகள். தூக்க மாத்திரை, மனப்பதற்றத்துக்கான மாத்திரை, வலுவான வலி நிவாரணி போன்றவற்றில் சிலவற்றை மொரீஷியஸ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளாக வைத்திருக்கிறது. அவற்றுக்கு முன் அனுமதி வேண்டும், அனுமதியின்றிக் கொண்டு போவது விமான நிலையத்திலேயே வழக்காகலாம். மருந்துகளின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே மொரீஷியஸ் சுகாதார அமைச்சகத்துக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். அவசர மருத்துவ ஊர்திக்கு அங்கே 114 அழைக்க வேண்டும். வீட்டைப் பதிவு செய்யும் முன், அங்கிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். த்ரூ ஓ பிஷை நான் முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்: பாம்ப்லமூஸில் உள்ள பெரிய அரசு மருத்துவமனை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை.